வர்க்கமூலத்தைச் சுருக்குவது எப்படி: √72 முதல் மூலத்துக்குள் மூலம் வரை

√50 என்றாலும் 5√2 என்றாலும் எண் ஒன்றுதான். கால்குலேட்டரில் தட்டினால் இரண்டுக்கும் 7.0710678 என்றே வரும். அப்படியிருக்க, ஏன் சுருக்கச் சொல்கிறார்கள்? √50 − √32 − √2 என்ற கோவையைப் பாருங்கள். இப்படியே வைத்திருந்தால் இதைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. தோராயமாக 7.07 − 5.66 − 1.41 என்று போட்டால் 0.00 வருகிறது. ஆனால் அது உண்மையிலேயே பூச்சியமா, அடுத்த தசம இடங்களில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தசமம் சொல்லாது. சுருக்கிப் பார்த்தால் 5√2 − 4√2 − √2. சந்தேகத்துக்கே இடமில்லை, பூச்சியம்தான்.

சுருக்குவது என்றால் மதிப்பு மாறாமல், எண் தன்னை வெளிக்காட்டும்படி எழுதுவது. இந்த வகை எண்களை விகிதமுறா மூலம் என்றும் முறுடு என்றும் தமிழ்நாட்டில் படித்திருப்பீர்கள். இலங்கையில் சேடு என்பார்கள். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்.

குறி சொல்வது என்ன

5ஐ வர்க்கப்படுத்தினாலும் 25, −5ஐ வர்க்கப்படுத்தினாலும் 25. ஆகவே 25க்கு வர்க்கமூலங்கள் இரண்டு. ஆனால் √25 என்று எழுதினால் அது 5ஐ மட்டுமே குறிக்கும். √ குறி எப்போதும் மிகை மூலத்தை (அல்லது பூச்சியத்தை) மட்டும் எடுத்துக்கொள்ளும் என்பது உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட வழக்கம். x² = 25 என்ற சமன்பாட்டுக்கு x = ±5 என்று எழுதுகிறோமே, அந்த ± எங்கிருந்து வந்தது? √25-இலிருந்து வரவில்லை. "எந்தெந்த எண்களின் வர்க்கம் 25?" என்று சமன்பாடு கேட்பதால், இரண்டையும் விட்டுவிடாமல் இருக்க நாம் முன்னால் போடுவது அது. √25 = ±5 என்று எழுதுவது தவறு. இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டால், பின்னால் வரும் மட்டு மதிப்பும் பொய்த் தீர்வுகளும் தானாகப் புரியும்.

இன்னொன்று, மேலே போடும் கோடு. √ என்ற குறியை 1525இல் கிறிஸ்டோஃப் ருடோல்ஃப் என்ற ஜெர்மானியர் அச்சில் பயன்படுத்தினார். அதன் தலைக்கு மேல் நீளும் கோட்டை 1637இல் டெகார்ட்டே என்ற பிரெஞ்சுக்காரர் சேர்த்தார். அந்தக் கோடு அழகுக்கு அல்ல, அது ஓர் அடைப்புக்குறி. கோடு 9க்கு மேல் மட்டும் இருந்தால் √9 + 16 = 19. 16 வரை நீண்டால் √(9 + 16) = 5. நோட்டில் எழுதும்போது கோட்டை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதில் கவனம் வையுங்கள். போனில் தட்டச்சு செய்யும்போது அடைப்புக்குறியை விட்டுவிடாதீர்கள்.

பெருக்கலுக்கு இடம் கொடுக்கும், கூட்டலுக்குக் கொடுக்காது

சுருக்குவதற்கு நம்மிடம் இருக்கும் கருவிகள் இரண்டே. a, b இரண்டும் குறை எண்களாக இல்லாதபோது √(ab) = √a × √b. அதோடு b பூச்சியமாகவும் இல்லாவிட்டால் √(a/b) = √a ÷ √b.

கூட்டலுக்கு இப்படி ஒரு விதி கிடையாது. √(9 + 16) என்பது 5. √9 + √16 என்பது 7. ஏன் ஒத்துவரவில்லை? பக்கம் 3 + 4 = 7 உள்ள சதுரம் ஒன்றை வரையுங்கள். அதற்குள் ஒரு மூலையில் 3 × 3 சதுரம், எதிர்மூலையில் 4 × 4 சதுரம். மீதமுள்ள இரண்டு மூலைகளிலும் 3 × 4 செவ்வகங்கள் இரண்டு கிடக்கின்றன. 9 + 16 என்று கூட்டும்போது அந்த இரண்டு செவ்வகங்களை, அதாவது 24ஐ, விட்டுவிடுகிறோம். 25க்கும் 49க்கும் உள்ள வித்தியாசம் அதுதான். √(x² + 9) = x + 3 என்று எழுதுகிறவர் தொலைப்பதும் அதே செவ்வகங்களைத்தான்; இந்த முறை அவை 6x. √(x² + 9)ஐ மேற்கொண்டு சுருக்க முடியாது, அப்படியே விட்டுவிட வேண்டியதுதான்.

எண்ணைச் சுருக்கும் படிகள்

முதலில் 1 முதல் 15 வரையிலான வர்க்கங்கள் நாக்கு நுனியில் இருக்கட்டும்: 1, 4, 9, 16, 25, 36, 49, 64, 81, 100, 121, 144, 169, 196, 225. இவை தெரியாமல் இறங்கினால் ஒவ்வொரு கணக்கிலும் தடுமாற்றம்தான்.

நிச்சயமான வழி பகாக் காரணிப்படுத்துதல். 720ஐ எடுத்துக்கொள்வோம்.

1. பகாக் காரணிகளாகப் பிரியுங்கள்: 720 = 2 × 2 × 2 × 2 × 3 × 3 × 5.
2. ஒரே எண்ணை இரண்டிரண்டாக ஜோடி சேருங்கள்: (2, 2), (2, 2), (3, 3). 5 தனியாக நிற்கிறது.
3. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒன்று வெளியே வரும்: 2 × 2 × 3 = 12. ஜோடியில்லாதது உள்ளேயே தங்கும்.
4. விடை 12√5. சரிபார்க்க, வெளியே இருப்பதை வர்க்கப்படுத்தி உள்ளே இருப்பதோடு பெருக்குங்கள்: 144 × 5 = 720.

நான்காம் படியை ஒருபோதும் விடாதீர்கள். ஐந்து விநாடி வேலை அது. ஜோடியில் இரண்டையும் வெளியே எடுத்துவிடுவது, வெளியே வந்தவற்றைப் பெருக்காமல் கூட்டிவிடுவது ஆகிய இரண்டு பிழைகளும் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

குறுக்கு வழி: எண்ணை வகுக்கும் மிகப் பெரிய முழு வர்க்கத்தைக் கண்டுபிடிப்பது. 72 = 36 × 2 என்று பார்த்துவிட்டால் ஒரே வரியில் 6√2. ஆனால் 72 = 9 × 8 என்று பிரித்தால் 3√8 கிடைக்கும், பலர் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். 8க்குள் இன்னும் ஒரு 4 இருக்கிறது. 3 × 2√2 = 6√2 என்று முடிக்க வேண்டும். உள்ளே இருக்கும் எண்ணை 4, 9, 25, 49 ஆகியவற்றால் ஒருமுறை வகுத்துப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை வைக்க வேண்டும். கடைசி இரண்டு இலக்கங்கள் 4ஆல் வகுபட்டால் எண்ணும் வகுபடும். இலக்கங்களின் கூடுதல் 9ஆல் வகுபட்டால் எண்ணும் 9ஆல் வகுபடும். 00, 25, 50, 75 என்று முடிந்தால் 25ஆல் வகுபடும்.

பெரிய எண்களில்தான் சிக்கல். √2023ஐ என்ன செய்வது? 4, 9, 25, 49 எதனாலும் வகுபடவில்லை. "சுருக்க முடியாது" என்று எழுதிவிடத் தோன்றும். பொறுங்கள். 2, 3, 5 ஒத்துவரவில்லை, 7 ஒத்துவருகிறது: 2023 = 7 × 289. இனி 289ஐ 7, 11, 13 என்று ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டே போக வேண்டியதில்லை. 7ஐ முப்படி ஆக்கினால் 343, அது 289ஐ விடப் பெரியது. 7க்குக் கீழே உள்ள எந்தப் பகா எண்ணாலும் 289 வகுபடாது என்று ஏற்கெனவே பார்த்தாயிற்று. ஆகவே 289க்குள் மூன்று பகாக் காரணிகள் இருக்க இடமே இல்லை. அது பகா எண்ணாக இருக்கலாம், இரண்டு வெவ்வேறு பகா எண்களின் பெருக்கமாக இருக்கலாம், அல்லது ஒரு பகா எண்ணின் வர்க்கமாக இருக்கலாம். நமக்குத் தேவையானது கடைசி வாய்ப்பு மட்டுமே. 289 முழு வர்க்கமா? ஆம், 17 × 17. எனவே √2023 = 17√7.

இதைப் பொது வழியாகவே வைத்துக்கொள்ளலாம். சிறிய பகா எண்களால் வகுத்துக்கொண்டே வாருங்கள். அடுத்து வகுக்கவிருக்கும் பகா எண்ணின் முப்படி, மிச்சமுள்ள எண்ணைத் தாண்டியதும் வகுப்பதை நிறுத்துங்கள். மிச்சம் முழு வர்க்கமா என்று மட்டும் பாருங்கள். √1352இல் 2 மூன்று முறை போக 169 மிஞ்சுகிறது. 3, 5 வகுக்கவில்லை. 7இன் முப்படி 343. நிறுத்தலாம். 169 = 13². விடை 26√2.

மாறி உள்ளே வந்தால்

அடுக்கு இரட்டைப்படை என்றால் பாதியாக்குங்கள். ஒற்றைப்படை என்றால் ஒன்றைக் கழற்றி உள்ளே விட்டுவிட்டு மிச்சத்தைப் பாதியாக்குங்கள். √(x⁹) = √(x⁸ × x) = x⁴√x. இங்கே கண் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. 9, 16 போன்ற அடுக்குகளைப் பார்த்ததும் அவற்றுக்கே வர்க்கமூலம் எடுத்து, √(x⁹) = x³, √(x¹⁶) = x⁴ என்று எழுதிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. மூலம் எடுப்பது எண்ணுக்கு. அடுக்கை இரண்டால் வகுக்க மட்டுமே வேண்டும். √(16x¹⁶) = 4x⁸.

இனி முக்கியமான இடம். √(x²) = x என்பது எப்போதும் சரியல்ல. x = −3 என்று வைத்தால் √9 = 3, ஆனால் x என்பது −3. √ குறி மிகை எண்ணையே தரும் என்பதால் √(x²) = |x| என்று எழுத வேண்டும். |x| என்பது மட்டு மதிப்பு, அதாவது குறியை விட்டுவிட்டு அளவை மட்டும் எடுத்தது: |−3| = 3. எல்லா இடத்திலும் மட்டுக் குறி தேவைப்படாது. உள்ளே இரட்டைப்படை அடுக்கு, வெளியே வந்ததும் ஒற்றைப்படை அடுக்கு என்றால் மட்டும் அது தேவை: √(x⁶) = |x³|. வெளியே வருவதும் இரட்டைப்படை என்றால் வேண்டாம்: √(x⁴) = x², இது எப்படியும் குறை எண் ஆகாது.

√(50x⁷y⁴) என்ன ஆகும்? 50 = 25 × 2, x⁷ = x⁶ × x, y⁴ அப்படியே வெளியே y². விடை 5x³y²√(2x). x³க்கு ஏன் மட்டுக் குறி இல்லை? y பூச்சியமாக இல்லாவிட்டால், உள்ளே x⁷ இருப்பதால் x குறை எண்ணாக இருக்கவே முடியாது. இருந்தால் மூலக்குறிக்குள் குறை எண் வந்து, மெய்யெண்ணாகவே இராது. பாடநூல் கணக்குகளில் "மாறிகள் மிகை எண்கள்" என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால் இந்தக் கவலை எதுவும் வேண்டாம்.

√(x² − 10x + 25) போன்றவற்றில் மட்டுக் குறியை மறந்தால் நேரடியாக அடிவாங்குவோம். உள்ளே இருப்பது (x − 5)², எனவே விடை |x − 5|. x = 2 என்று போட்டுப் பாருங்கள்: உள்ளே 4 − 20 + 25 = 9, மூலம் 3. மட்டுக் குறி இல்லாமல் x − 5 என்று எழுதியிருந்தால் −3 வந்திருக்கும்.

பத்தாம் வகுப்பில் வரும் நீளமான கோவைகளும் இதே கதைதான். 4x² + 25y² + 9 − 20xy + 12x − 30y என்பதன் வர்க்கமூலத்துக்கு முதலில் வர்க்க உறுப்புகள் மூன்றின் மூலங்களைப் பாருங்கள்: 2x, 5y, 3. குறிகளைக் கலப்பு உறுப்புகள் சொல்லும். xy உறுப்பு குறை, எனவே 2xக்கும் 5yக்கும் எதிரெதிர்க் குறி. x உறுப்பு மிகை, எனவே 2xக்கும் 3க்கும் ஒரே குறி. ஆக |2x − 5y + 3|. y உறுப்பு −30y என்று ஒத்துவருவது இதற்குச் சான்று. நீள் வகுத்தல் முறையைக் கேட்டால் மட்டும் அதைச் செய்யுங்கள். இல்லாவிட்டால் இந்த வழி நேரத்தை மிச்சப்படுத்தும்.

கூட்டல், பெருக்கல்

3x + 5x = 8x ஆவதுபோல 3√2 + 5√2 = 8√2. உள்ளே இருக்கும் எண் ஒன்றாக இருந்தால்தான் சேரும். ஆனால் சுருக்குவதற்கு முன்பே "சேராது" என்று முடிவுகட்டக் கூடாது. √75 − √12 + √48 மூன்றும் அந்நியர்கள் மாதிரி தெரியும்; சுருக்கினால் 5√3 − 2√3 + 4√3 = 7√3.

பெருக்கும்போது பெரிய எண்ணாக்கிவிட்டுப் பிறகு உடைப்பது வீண் வேலை. √6 × √15ஐ √90 ஆக்காமல், இரண்டிலும் ஒரு 3 இருப்பதைப் பாருங்கள்; அந்த ஜோடி 3ஆக வெளியே வரும், மீதி 2 × 5. விடை 3√10. (√3 + √5)² என்றால் 3 + 5 = 8 அல்ல; 8 + 2√15. மேலே சொன்ன இரண்டு செவ்வகங்கள் இங்கேயும் உண்டு.

பகுதியிலிருந்து மூலத்தை நீக்குதல்

கால்குலேட்டர் இல்லாத காலத்தில் 1/√2ஐக் கணக்கிட 1ஐ 1.4142ஆல் வகுக்க வேண்டும். √2/2 என்று மாற்றினால் 1.4142ஐ 2ஆல் வகுத்தால் போதும், மனக்கணக்கு. இன்று அந்த அவசியம் குறைந்துவிட்டாலும், இரண்டு பேரின் விடைகள் ஒன்றுதானா என்று பார்க்கவும், பின்னங்களைக் கூட்டவும் இந்த வடிவம் உதவுகிறது.

பகுதியில் ஒரே உறுப்பு என்றால் அதே மூலத்தால் மேலும் கீழும் பெருக்குங்கள்: 6/√3 = 6√3/3 = 2√3. மூலத்துக்குள்ளேயே பின்னம் இருந்தால், பகுதியை முழு வர்க்கமாக்கும் மிகச் சிறிய எண்ணால் பெருக்குங்கள். √(3/8)இல் 8ஆல் பெருக்க வேண்டாம்; 2ஆல் பெருக்கினால் √(6/16) = √6/4, வேலை முடிந்தது.

இரண்டு உறுப்புகள் இருந்தால் இணையால் பெருக்க வேண்டும், அதாவது நடுக்குறியை மட்டும் மாற்றியது. 4/(3 + √5)ஐ மேலும் கீழும் 3 − √5ஆல் பெருக்கினால் பகுதி 9 − 5 = 4. விடை 3 − √5. அதே 3 + √5ஆல் பெருக்கினால் என்ன? பகுதி 14 + 6√5 ஆகும், மூலம் போகாது. (a + b)(a − b)இல் நடு உறுப்புகள் அடிபடுவதுதான் இங்கே நமக்கு வேண்டியது.

இருபடிச் சூத்திரத்தில்

பரீட்சையில் மதிப்பெண் அதிகம் போவது இங்கேதான். 2x² − 8x + 5 = 0. தன்மைகாட்டி, அதாவது சூத்திரத்தில் மூலக்குறிக்குள் வரும் b² − 4ac, இங்கே 64 − 40 = 24.

x = (8 ± √24)/4 = (8 ± 2√6)/4

இந்த இடத்தில் 8ஐ மட்டும் 4ஆல் அடித்து 2 ± 2√6 என்று எழுதுவது ஒரு பிழை. 8 + 2√6ஐ 10√6 என்று சேர்ப்பது இன்னொரு பிழை. பின்னக் கோட்டுக்குக் கீழே இருக்கும் 4, மேலே இருக்கும் இரண்டு உறுப்புகளுக்கும் பொது. முதலில் தொகுதியில் பொதுக் காரணியை வெளியே எடுங்கள்: 2(4 ± √6)/4. பிறகு அடியுங்கள்: (4 ± √6)/2. காரணியை எடுக்காமல் அடிக்கும் பழக்கத்தை விட்டுவிட்டால் இந்தப் பிழை வருவதே இல்லை.

மூலம் உள்ள சமன்பாடுகள்

√(x + 5) + 1 = x. முதல் வேலை, மூலத்தைத் தனியாக ஒரு பக்கம் நிறுத்துவது. அப்படிச் செய்யாமல் வர்க்கப்படுத்தினால் நடு உறுப்பாக 2√(x + 5) வந்து நிற்கும், மூலம் போகவே போகாது.

√(x + 5) = x − 1
x + 5 = x² − 2x + 1
x² − 3x − 4 = 0
x = 4 அல்லது x = −1

இரண்டையும் தொடக்கச் சமன்பாட்டில் போடுங்கள். 4க்கு √9 + 1 = 4, சரி. −1க்கு √4 + 1 = 3, ஆனால் வலப்பக்கம் −1. இது பொய்த் தீர்வு, நீக்க வேண்டும். நாம் எங்கும் பிழை செய்யவில்லை, பிறகு இது எப்படி நுழைந்தது? வர்க்கப்படுத்தும்போது குறி அழிந்துவிடுகிறது. 2உம் −2உம் வேறு வேறு, ஆனால் அவற்றின் வர்க்கங்கள் ஒன்று. −√(x + 5) = x − 1 என்ற வேறொரு சமன்பாட்டை வர்க்கப்படுத்தினாலும் இதே இருபடிதான் வரும்; −1 அதற்குரிய தீர்வு. ஆகவே சரிபார்ப்பதும் தீர்வின் ஒரு படிதான், விருப்பம் இருந்தால் செய்வது அல்ல.

மூலத்துக்குள் மூலம்

√(8 − 2√15) போன்றவை பயமுறுத்தும், ஆனால் பலவற்றுக்கு வழி சுலபம். (√a − √b)² = a + b − 2√(ab). எனவே கூட்டினால் 8, பெருக்கினால் 15 வரும் இரண்டு எண்கள் வேண்டும்: 5, 3. பெரியதை முன்னால் வைத்து √5 − √3 என்று எழுதுங்கள். √3 − √5 என்று எழுதினால் அது குறை எண், √ குறி அதைத் தராது.

உள் மூலத்துக்கு முன்னால் 2 இல்லாவிட்டால் முதலில் 2ஐ உருவாக்குங்கள். √(11 + 6√2)இல் 6√2 = 2 × 3√2 = 2√18. கூடுதல் 11, பெருக்கல் 18: 9, 2. விடை 3 + √2. இப்படி இரண்டு எண்கள் அமையாவிட்டால், உதாரணமாக √(5 + 2√3), இந்த வழி உதவாது. அதை அப்படியே விடுங்கள்.

விடையைச் சோதிக்கும்போது

எண் மட்டும் என்றால் தசமத்தில் ஒருமுறை ஒப்பிடுங்கள். மாறி இருந்தால் ஏதாவது ஓர் எண்ணைப் பிரதியிடுங்கள், ஆனால் 0ஐயும் 1ஐயும் தவிர்த்துவிடுங்கள். √(x² + 9) = x + 3 என்ற தவறில் x = 0 என்று போட்டால் இரண்டு பக்கமும் 3 வந்து, சரிபோலக் காட்டும். √(x⁹) = x³ என்ற தவறில் x = 1 என்று போட்டாலும் இரண்டு பக்கமும் 1. x = 4 என்று போடுங்கள்: முதலாவதில் இடப்பக்கம் 5, வலப்பக்கம் 7; இரண்டாவதில் இடப்பக்கம் 512, வலப்பக்கம் 64. மட்டுக் குறி தேவையா என்று சந்தேகம் வந்தால் −2 போன்ற ஒரு குறை எண்ணையும் போட்டுப் பாருங்கள்.